கோல்டன் ஸ்கோரில் வலித்த தோள்

ஜூடோவில் 4 நிமிட ஆட்டம் சமநிலையில் முடிந்தால் கால வரம்பற்ற கோல்டன் ஸ்கோர் எனும் கூடுதல் ஆட்டம் தொடங்கும். என் வலது தோள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் காயப்பட்டது. முன்கை இறுகி மூச்சு வாங்கும் வேளையில், ஆட்டத்தையே முடித்துவிடும் முழுப்புள்ளியான இப்போனை எதிராளிக்குக் கொடுத்துவிடுவோமோ என்ற அச்சத்தால், விழும்போது கை தானாகவே நீண்டு தரையில் ஊன்றிக்கொள்ளும். உடலின் முழுப் பாரமும் தோள்மூட்டில் இறங்கிவிடும். பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தந்த ரப்பர் பட்டைப் பயிற்சிகளால் தசைகள் வலுப்பெற்றன. ஆனால் அச்சத்தைத் தொடாமல் தசையை மட்டும் வளர்ப்பது அரைகுறை மருத்துவம் என்பதே என் உறுதியான கருத்து. ஆகவே, பயிற்சியின் இறுதியில், களைத்த நிலையிலேயே தாடையை மார்போடு சேர்த்துக் கையால் விரிப்பை அறைந்து விழும் உகேமி எனும் பாதுகாப்பான விழும் முறையைப் பழகினேன். நடுவர் ‘மத்தே’ என நிறுத்தும்போதெல்லாம் பெல்ட்டைச் சரிசெய்தபடி மூச்சை நீளமாக வெளியேற்றினேன். பிடியில் இருந்த வீண் இறுக்கம் குறைந்து, முன்கை களைப்பதும் தாமதமானது. இப்போது ரண்டோரி எனும் பயிற்சி மோதல் முழுவதையும் தோள்வலியின்றி ஆடுகிறேன்.