டொர்னேடோ எச்சரிக்கை ஒலிக்கும்போது அச்சத்தில் நாம் செய்யும் தவறுகள்

டல்லாஸ் புறநகர்களிலும் ஓக்லஹோமாவிலும் குடியேறிய தமிழர்களில் பலர், காற்றின் சீற்றத்தை வங்கக்கடல் புயல்களின் வழியாகவே அறிந்தவர்கள். புயல் என்றால், துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தியில் கேட்டுக்கொண்டே பாலும் மெழுகுவத்தியும் வாங்கி வைக்க நாள்கணக்கில் நேரம் இருக்கும். டொர்னேடோ என்னும் சுழற்காற்றுக்கு அந்தப் பொறுமை கிடையாது. எச்சரிக்கைக்கும் தாக்குதலுக்கும் இடையே சராசரியாகச் சுமார் 10 நிமிடங்களே கிடைக்கின்றன, சில வேளைகளில் அதுவும் கிடைப்பதில்லை. அந்த நிமிடங்களில் நெஞ்சு படபடப்பதில் பிழை ஏதுமில்லை. ஆனால் படபடப்பை அடக்கிக்கொள்வதற்காக நாம் செய்யும் காரியங்களில் பல, ஆபத்தின் பக்கமே நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகின்றன.

முதல் தவறு, வாட்ச், வார்னிங் இரண்டையும் ஒன்றெனக் கொள்வது. ஓக்லஹோமாவின் நார்மன் நகரிலுள்ள புயல் முன்கணிப்பு மையம் பல கவுண்டிகளுக்கு (மாவட்டம் போன்ற பிரிவுகளுக்கு) சேர்த்துப் பல மணி நேரத்துக்கு வெளியிடுவது வாட்ச். டொர்னேடோ உருவாகக்கூடிய சூழல் இருக்கிறது என்பதே அதன் பொருள். வார்னிங் என்பதோ, டொர்னேடோ கண்ணிலோ ரேடாரிலோ தென்பட்டுவிட்டது, உடனே ஒதுங்குங்கள் என்பது. அதைக் கண்டதுமே கழிவறைக்குள் அடைந்துகொள்பவர், உண்மையான வார்னிங் வருவதற்குள் களைத்துப்போகிறார். அந்த மணிநேரங்கள் வேலைக்கானவை. மாடிப்படியின் கீழுள்ள அறைதான் நிலவறை இல்லாத டெக்சஸ் வீடுகளில் பெரும்பாலும் புகலிடம். நம் வீடுகளில் அங்கேதான் ஊருக்குக் கொண்டுபோகும் பெரிய பெட்டிகளும் அரிசி மூட்டையும் கூரை வரை அடைந்து கிடக்கின்றன. கைப்பேசி அலறிய பிறகு பெட்டிகளை இழுத்துப் போடுவதைக் காட்டிலும், வாட்ச் வந்தவுடன் அதைக் காலி செய்து, காலணி, டார்ச் விளக்கு, சைக்கிள் ஹெல்மெட் ஆகியவற்றை உள்ளே வைத்துவிடுவது நல்லது. கையில் வேலை இருந்தால் மனமும் ஓரளவு அடங்கும்.

இரண்டாவது தவறுதான் உயிர்களை அதிகம் பறிப்பது: கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று காத்திருப்பது. 2011 மே 22 அன்று மிசௌரியின் ஜோப்ளின் நகரில் 150-க்கும் மேற்பட்டோர் இறந்த பின்னர் நடந்த ஆய்வில், முதல் சைரனைக் கேட்டும் பலர் உடனே ஒதுங்காமல், மற்றொரு உறுதிப்பாட்டுக்காகக் காத்திருந்தது தெரியவந்தது. கராஜ் கதவைத் திறந்து வானத்தைப் பார்ப்பது பலருக்கும் கைவந்த பழக்கம். இரவிலும் அடர்மழைக்குள்ளும் வரும் டொர்னேடோ கண்ணுக்குத் தெரிவதில்லை. சைரன்களோ வெளியில் இருப்பவர்களை எச்சரிப்பதற்காக அமைக்கப்பட்டவை. குளிரூட்டி ஓடும் அறையில் உறங்குபவருக்கு அவை கேட்காமல் போகலாம். ஆகவே கைப்பேசியின் அவசர அறிவிப்புகளை, தூக்கத்தைக் கெடுக்கின்றன என்பதற்காக, அணைத்து வைக்கக் கூடாது.

காற்றழுத்தம் சமனாகட்டும் என்று சன்னல்களைத் திறந்து வைப்பது பழைய மூடநம்பிக்கை. கண்ணாடிக்கு அருகில் நம்மை நிறுத்துவதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை.

காரை எடுத்துக்கொண்டு தப்பி ஓடுவதை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது; ஓடினால்தான் பிழைப்போம் என்று உடம்பே சொல்லும் வேளை அது. 2015 டிசம்பர் 26 அன்று டல்லாஸுக்கு அருகிலுள்ள கார்லண்டில் இறந்தவர்களில் பெரும்பாலோர் நெடுஞ்சாலையில் வாகனங்களுக்குள் இருந்தவர்கள். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் 4 கிலோமீட்டருக்கும் மேல் அகன்ற டொர்னேடோ வீசியபோது, வீடுகளை விட்டுக் கிளம்பியவர்களால் சாலைகள் அடைத்துக்கொண்டன. மேம்பாலத்தின் அடியும் பாதுகாப்பன்று. அங்கே காற்று இன்னும் விசையுடன் வீசும். உறுதியான வீட்டின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத நடு அறையே மேல். மொபைல் ஹோம் எனப்படும், இடம் மாற்றக்கூடிய இலகுவான வீட்டில் வாழ்பவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவர்கள் வாட்ச் நிலையிலேயே உறுதியான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும்.

புகலிடத்துக்குள் நுழைந்த பிறகு செய்யும் தவறு ஓசையில்லாதது. வீட்டிலுள்ள நான்கு பேரும் நான்கு கைப்பேசிகளில் ரேடார் படத்தைப் புதுப்பித்துக்கொண்டிருக்க, வாட்ஸ்அப் குழுக்களில் எந்த ஆண்டிலோ எடுத்த காணொளிகள் வந்து குவியும். நடுவில் ஊரிலிருந்து அம்மா அழைத்து அழத் தொடங்குவார். ஒருவர் மட்டும் தேசிய வானிலைச் சேவையின் அறிவிப்பைக் கவனித்தால் போதும். ஊருக்கு, "உள்ளே பாதுகாப்பாக இருக்கிறோம், பிறகு அழைக்கிறோம்" என்ற ஒரே செய்தி போதும். மற்றவர்கள் மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடலாம். நெஞ்சின் ஓட்டம் சற்றே தணியும். குழந்தைகளிடம் "ஒன்றுமே இல்லை" என்று சொல்லக் கூடாது, ஏனெனில் நம் முகம் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும். "பலத்த காற்று வரலாம், அதனால் இங்கே இருக்கிறோம், கைப்பேசி சொன்னதும் வெளியே போவோம்" என்று சொல்லி, டார்ச் விளக்கைப் பிடிக்கும் பொறுப்பைக் குழந்தையிடமே கொடுக்கலாம்.

எச்சரிக்கை நீங்கியதும், பயந்தவரைக் கேலி செய்யும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. பத்து எச்சரிக்கைகளில் ஏறத்தாழ ஏழு டொர்னேடோ இல்லாமலே கடந்துபோவது உண்மைதான். ஆனால் அந்தக் கேலியைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை அறைக்குள் வரத் தயங்கும். சில இரவுகளுக்கு அது நம்மருகே படுக்கக் கேட்டால் மறுக்க வேண்டாம். டல்லாஸில் மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலை ஒட்டிச் சைரன்களை ஒலிக்கவிட்டுச் சோதிக்கிறார்கள். கோடை விடுமுறையில் ஒரு புதன்கிழமை, வெயில் அடிக்கும் வேளையில், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அந்த ஒலியைப் பிள்ளையுடன் சேர்ந்து படிக்கட்டின் கீழ் அமர்ந்து கேட்கலாம்.