பிலிப்பைன்ஸ் பெயின்டிங் யாரு வரைஞ்சதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? மொதல்ல வெளிச்சத்த பாருங்க

பிலிப்பைன்ஸ் ஓவியர்கள் பேர வரிசையா மனப்பாடம் பண்ணி ஒரு பிரயோஜனமும் இல்ல, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், பேரெல்லாம் ஸ்பானிஷ் மாதிரி இருக்கறதால ரெண்டே நாள்ல ஒண்ணோட ஒண்ணு கலந்து போச்சு. அப்புறம் ஒரு வழி பிடிபட்டுச்சு. படத்துக்குள்ள வெளிச்சம் எங்கேருந்து வருது, எது மேல விழுது, இத மட்டும் மொதல்ல பாத்தா பாதி ஆள கண்டுபிடிச்சிடலாம். கீழ மூலைல இருக்குற கையெழுத்த கடைசியா பாருங்க, ஏன்னா போலி படத்துல மொதல்ல ஒழுங்கா போடுறதே கையெழுத்தத்தான்.

அமோர்சோலோவுல இருந்து ஆரம்பிங்க, அவருதான் சுலபம். ஃபெர்னாண்டோ அமோர்சோலோ, 1892ல பொறந்து 1972ல இறந்தாரு, பிலிப்பைன்ஸ்ல தேசிய கலைஞர் பட்டம் மொதல்ல கெடச்சது இவருக்குத்தான். நாத்து நடுற பொண்ணுங்க, ஆத்துல துணி துவைக்கிறவங்க, மாமரத்து நெழல்ல உக்காந்து சாப்புடுறவங்க, இப்படித்தான் இருக்கும் படம். ஆனா விஷயம் அது இல்ல, அதே காட்சிய எத்தனையோ பேரு வரைஞ்சிருக்காங்க. இவரு படத்துல சூரியன் எப்பவும் ஆளுக்கு பின்னாடி இருக்கும். பொண்ணோட முகம் லேசா நெழல்ல இருக்கும், முடி ஓரத்துலயும் தோள் ஓரத்துலயும் மட்டும் ஒரு தங்கக் கோடு மின்னும். போட்டோ எடுக்கறவங்க இத தப்புன்னு சொல்லி ஆள திருப்பி நிக்க வைப்பாங்க, இவரு அதையே தொழிலா வச்சுக்கிட்டாரு. அந்த ஓரத்து கோடு இருக்கா, நெழல்ல இருக்குற முகத்துக்குள்ளயும் கலர் தெரியுதா, இல்ல வெறும் கருப்பு பழுப்பா இருக்கான்னு பாருங்க. நெழல் செத்துப்போயி இருந்தா சந்தேகப்படுங்க, அவரு பேர்ல சுத்துற போலிங்க அவ்ளோ இருக்கு.

என்ன கேட்டா அமோர்சோலோ ஒரே படத்த ரொம்ப தடவ வரைஞ்சிட்டாரு, பத்து படம் பாத்ததும் திகட்டும். ஆனா ரெண்டாம் உலகப்போர் சமயத்துல மணிலா எரிஞ்சத வரைஞ்சிருக்காரு பாருங்க, அங்கயும் பின்னாடி வெளிச்சம்தான், ஆனா அது சூரியன் இல்ல, நெருப்பு. அத பாத்த அப்புறம் தான் எனக்கு அவரு மேல மரியாதையே வந்துச்சு. இன்னொண்ணு, ஜின் பாட்டில் மேல ஒரு தேவதை சாத்தான மிதிக்கிற மாதிரி லேபிள் இருக்குமே, ஹினேப்ரா சான் மிகுவெல், அத சின்ன வயசுல வரைஞ்சதும் இவருதான்.

அவருக்கு முந்தி போனா ஹுவான் லூனா. இவரு படத்துல இருட்டுதான் முக்கால்வாசி. மணிலாவுல தேசிய நுண்கலை அருங்காட்சியகத்துல கீழ்த்தளத்து ஹால்ல 'ஸ்போலியாரியம்' மாட்டியிருக்காங்க, 4 மீட்டருக்கு மேல உயரம், 7 மீட்டருக்கு மேல அகலம், 1884ல மாட்ரிட் கண்காட்சில தங்கப்பதக்கம் வாங்குன படம். ரோம்ல சண்டை போட்டு செத்த அடிமை வீரர்கள தரதரன்னு இழுத்துட்டு வர்றாங்க. இத பாக்கறதுக்கு ஒரு முறை இருக்கு, நேரா கிட்ட போயிடாதீங்க, ஹாலோட அந்தக் கடைசில நின்னு மொதல்ல பாருங்க, நடுவுல தரையில கெடக்குற பொணங்க மேலயும் ரத்தக்கறை மேலயும் மட்டும் வெளிச்சம் இருக்கறது தெரியும். அப்புறம் மெதுவா கிட்ட வாங்க, இடதுபக்கம் வேடிக்க பாக்குற கூட்டம், வலதுபக்கம் இருட்டுல நமக்கு முதுக காட்டிட்டு தரையில சரிஞ்சு கெடக்குற ஒரு பொம்பள. அவ முகத்த லூனா காட்டவே மாட்டாரு. ரோம் கதைதான், ஆனா ஸ்பெயின் ஆட்சில இருந்த பிலிப்பினோக்கள் அதுல தங்களத்தான் பாத்தாங்க, பின்னாடி பிலிப்பைன்ஸோட தேசிய வீரரா ஆன எழுத்தாளர் ஹோசே ரிசால் அந்த வருஷமே மாட்ரிட்ல விருந்து மேடையில எழுந்து இத பத்தி பேசினாரு.

அதே கண்காட்சில வெள்ளிப்பதக்கம் வாங்குனது ரெசுரெக்சியோன் ஹிடால்கோ. ரெண்டு பேரையும் குழப்பிக்காம இருக்க ஒரு வழி: லூனாவோட பிரஷ் அடிக்கிற மாதிரி இருக்கும், ஹிடால்கோவுது தடவுற மாதிரி, பனி மூடுன மாதிரி.

இப்ப நவீன ஆளுங்க. 1928ல விக்டோரியோ எடாடெஸ் மணிலாவுல ஒரு கண்காட்சி வச்சாரு, அதுல 'தி பில்டர்ஸ்'னு ஒரு படம், கல்லு தூக்குற தொழிலாளிங்க, சேறு கலர்ல, ஒடம்பெல்லாம் முறுக்கிட்டு. அமோர்சோலோ வெயிலுக்கு பழகுன ஜனங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க, வாங்க ஆள் இல்ல. ஆனா அங்கேருந்துதான் மத்தவங்களுக்கு கதவு தொறந்துச்சு.

விசென்டே மனன்சாலா படத்துல வெளிச்சம் கண்ணாடி வழியா வர்ற மாதிரி இருக்கும். உருவத்த துண்டு துண்டா, கோணம் கோணமா வரையிற க்யூபிசம்தான், ஆனா பிக்காசோ மாதிரி ஆள ஒடச்சு போடல, கலர் கண்ணாடித் துண்டுகள ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குன மாதிரி, ஒரு துண்டு வழியா பின்னாடி துண்டு தெரியும். அவரு ஸ்டெயின்ட் கிளாஸ் வேலையும் படிச்சவரு, அதனாலயோ என்னமோ. ஜீப்னிங்குற அந்த ஊரு சின்ன பஸ், தெருக்கடை, குடிசைல கொழந்தையோட அம்மா, இதான் விஷயம். சீசர் லெகாஸ்பிய மொதல்ல நான் மனன்சாலான்னே நெனச்சு ரொம்ப நாள் ஏமாந்தேன். லெகாஸ்பில துண்டுகள் கண்ணாடி மாதிரி இருக்காது, தசை மாதிரி, பாறை மாதிரி கனமா இருக்கும், அதான் வித்தியாசம்.

வெளிச்சமே இல்லாம செவப்பும் கருப்பும், கூரான முள்ளு மாதிரி கோடு, கடிச்சுக்கிற நாய், சிலுவைல அலறுற ஏசு, இருந்தா அங் கியுகோக். 1965ல மனன்சாலாவோட நியூயார்க் போயிட்டு வந்த அப்புறம்தான் இவரு இப்படி மாறினாரு. வரவேற்பறைல மாட்டுற படம் இல்ல, ஆனா மாட்டுறாங்க.

முக்காடு கட்டுன பொம்பளைங்க கூட்டமா மீன், காய்கறியோட இருந்தா அவசரப்பட்டு அமோர்சோலோன்னு சொல்லிடாதீங்க. கண்ண பாருங்க. கண்ணு வெறும் கீறலா இருந்து, ஒடம்பு கோணலா வளைஞ்சு, சிரிக்காம வேலைலயே மும்முரமா இருந்தாங்கன்னா அது அனிடா மக்சாய்சாய்-ஹோ, முட்டை மஞ்சக்கரு கலந்த டெம்பரா சாயத்துல நெறைய வரைஞ்சிருக்காங்க. அமோர்சோலோகிட்ட படிச்சவங்கதான், ஆனா அவரு பொண்ணுங்க நம்மள பாத்து சிரிக்கும், இவங்க பொண்ணுங்களுக்கு அதுக்கு நேரமில்ல.

ஒரு ஆத்து வெள்ளம் மாதிரி காட்சிகள் வளைஞ்சு வளைஞ்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஓடி, சரித்திரமே ஒரே சுவத்துல இருந்தா அங்கோனோ ஊருக்காரர் போடோங் பிரான்சிஸ்கோ. கந்தல் பிளாஸ்டிக் ஷீட்ட போத்திட்டு காத்துல மடிப்பு மடிப்பா நிக்கிற ஒரு பொம்பள திரும்பத் திரும்ப வந்தா அது சபேல், பென்கேப்னு கூப்புடுற பெனெடிக்டோ கப்ரேரா வரைஞ்சது, குப்ப பொறுக்குன ஒரு நெசமான பொம்பளைய பாத்து 1960கள்ல ஆரம்பிச்சாரு, இன்னும் விடல.

சிலைக்கு வெளிச்ச விதி கொஞ்சம் மாறும், அங்க நீங்கதான் நகரணும். கியேர்மோ டோலென்டினோ சிலைங்க பழைய ஐரோப்பிய பாணி, நரம்பு, எலும்பு, துணி மடிப்பு எல்லாம் கச்சிதமா இருக்கும். மணிலா பக்கத்துல கலோகன்ல, ஸ்பெயின எதிர்த்து புரட்சி பண்ணுன தலைவர் போனிஃபாசியோவுக்கு 1933ல தொறந்த நினைவுச்சின்னத்துல சுத்தி எல்லாரும் கதறிட்டு போராடிட்டு இருப்பாங்க, போனிஃபாசியோ மட்டும் கைல அரிவாள வச்சுக்கிட்டு அமைதியா நிப்பாரு, அந்த ஒரு முரண்தான் சிலையே. அவரு மாணவர் நெப்போலியன் அபுவேவா இதுக்கு நேர் எதிர், விவரத்த எல்லாம் வழிச்சு எறிஞ்சிட்டு வடிவத்த மட்டும் வைப்பாரு, மரத்தோட ரேகை, கல்லோட சொரசொரப்பு அதுதான் பேசும். 1976ல தேசிய கலைஞர் பட்டம் வாங்குறப்ப அவருக்கு 46 வயசு.

கத்துக்கிட்டது சரியான்னு பாக்க ஒரு எடம் சொல்றேன். கேசோன் சிட்டில பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்து டிலிமான் வளாகத்துல வட்டமா ஒரு சர்ச் இருக்கு, லியாண்ட்ரோ லோக்சின் கட்டுனது, 1955. சுவத்துல சிலுவைப்பாதை ஓவியங்கள், கோடுங்க ஒண்ண ஒண்ணு வெட்டிக்கிட்டு போகுதான்னு பாருங்க, மனன்சாலா. நடுவுல தொங்குற மரச்சிலுவை அபுவேவாவோடது, ஒரு பக்கம் பாத்துட்டு திரும்பி வந்துடாதீங்க, ஒரு பக்கம் பாடுபடுற ஏசு, சுத்திட்டு போனா மறுபக்கம் உயிர்த்தெழுந்த ஏசு. அப்படியே குனிஞ்சு தரையையும் பாருங்க, அந்த கோலம் ஆர்ட்டுரோ லூஸோடது, அதுமேலதான் இவ்ளோ நேரமா நின்னுட்டு இருந்திருப்பீங்க.