ரெட்டினா ஒட்டியாச்சு, பார்வை எப்போது வரும்?

"ரெட்டினா நன்றாக ஒட்டியிருக்கிறது" என்று டாக்டர் சொல்வார். "அப்போ கண் நல்லாத் தெரியுதா?" என்று வீட்டில் கேட்பார்கள். ரெட்டினா என்பது கண்ணின் உள்ளே பின்பக்கம் ஒளியை உணரும் மெல்லிய திரை. அது ஒட்டுவது ஒன்று, கண் தெரிவது வேறொன்று. பிரிந்த திரையை ஒட்டவைப்பது ஆபரேஷன். ஒட்டிய திரை பழையபடி வேலை செய்யப் பழகுவது, அதற்கப்புறம் மாதக்கணக்கில் அதன் பாட்டுக்கு நடப்பது. ப்ரூஃப் பார்ப்பது என் தொழில். இடது கண்ணில் விட்ரெக்டமி ஆனது, அதாவது கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுத்துவிட்டுத் திரையை ஒட்டவைக்கும் ஆபரேஷன். அந்த மாதங்களில் எதைக் கவனிக்கலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டியது: மாக்குலாவும் பிரிந்திருந்ததா? எழுத்தையும் முகத்தையும் கூர்ந்து பார்ப்பது ரெட்டினாவின் நடுவிலுள்ள அந்தச் சின்ன இடம்தான். ஒளியை உணரும் செல்களுக்கு ஆக்ஸிஜன் பின்னாலிருக்கும் கோராய்டு என்ற ரத்தக்குழாய்ப் படலத்திலிருந்து வருகிறது. திரை பிரிந்தால் செல்கள் பட்டினி. மாக்குலா பிரியும் முன்பே ஆபரேஷன் முடிந்திருந்தால் பழைய பார்வை பெரும்பாலும் கிடைத்துவிடும். பிரிந்திருந்தால், எத்தனை நாள் அப்படிக் கிடந்தது என்பது முக்கியம். எனக்குப் பிரிந்துதான் இருந்தது.

அடுத்து, திரை ஒட்டும்வரை அதைத் தாங்கிப் பிடிக்கக் கண்ணுக்குள் வைத்தது வாயுக் குமிழியா, சிலிக்கான் ஆயிலா? ஆயிலைப் பெரும்பாலும் சில மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷனில் எடுப்பார்கள். வாயு தானாகக் கரையும். வகையைப் பொறுத்து 2 வாரம் முதல் 2 மாதம் வரை. அதுவரை விமானமும் உயரமான மலையும் கூடாது. உயரத்தில் குமிழி விரிந்து கண் பிரஷர் எகிறிவிடும். வேறு ஏதாவது ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து தருபவரிடம் வாயு இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், நைட்ரஸ் ஆக்ஸைடும் ஆபத்து. குப்புறப் படுக்கச் சொன்னால் படுங்கள். கழுத்து வலிக்கும்தான்.

குமிழி இருக்கும்வரை பார்வையை அளக்கவே வேண்டாம். முதலில் வெளிச்சமும் கை அசைவும்தான் தெரியும். பிறகு மேலே ஒரு கீற்று தெளியும், கீழே குமிழியின் கோடு தளும்பும். உண்மையில் குமிழி கண்ணின் மேல்பக்கம் மிதக்கிறது. பிம்பம் தலைகீழாக விழுவதால் நமக்குக் கீழே தெரிகிறது. தலையைச் சாய்த்தாலும் அந்தக் கோடு கொத்தனாரின் ரசமட்டம் மாதிரி தன் மட்டத்துக்கே வந்து நிற்கும். குனிந்தால் கறுப்பு விளிம்போடு வட்டமாக நடுவில் வந்து உட்காரும்.

இந்த அசைவைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. தலையோடு ஆடாமல், பார்வையின் ஓரத்தில் ஒரே இடத்திலிருந்து வளரும் நிழல் குமிழி அல்ல. ரெட்டினா மறுபடி பிரிவதாக இருக்கலாம். தழும்புத் திசு வளர்ந்து திரையை இழுப்பது பெரும்பாலும் முதல் 3 மாதத்துக்குள் நடக்கும். நிழல், புதிதாக மின்னல் வெட்டு, பார்வை திடீரென்று குறைவது, வாந்தியோடு கடும் கண்வலி: எதுவானாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள்.

குமிழி போன பிறகு வாரத்துக்கு ஒருமுறை சோதித்தால் போதும். தினமும் பார்த்தால் மனசுதான் கெடும். நல்ல கண்ணை மூடி, அதே நாற்காலி, அதே விளக்கு, அதே தூரம். என் சோதனைத்தாள் 'ண', 'ன' கலந்து அச்சடித்த ஒரு வரி. தொடக்கத்தில் ஒரு கருப்புப் பட்டை. பிறகு எழுத்து என்று தெரிந்தது, மூன்று சுழியா இரண்டு சுழியா என்று பிரியவில்லை. சுழி பிரிந்த பிறகும் வரி நடுவில் மேடு தட்டியது. அந்த மேட்டிலிருந்த எழுத்து மட்டும் சிறுத்துத் தெரிந்தது. கோடு வளைவதைக் கவனிக்கக் கட்டம் போட்ட தாளே போதும். மாக்குலா பிரிந்தவர்களுக்கு இந்த வளைவு சகஜம். ஓராண்டு வரையும், அதற்கு மேலும்கூட மெல்லக் குறையலாம். கொஞ்சம் வளைவு போகாமல் தங்கியும் விடலாம். குறைந்துகொண்டிருந்த வளைவு திரும்பக் கூடினால் டாக்டரிடம் சொல்லுங்கள். மாக்குலா மேல் சவ்வு படர்ந்திருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா என்று, ரெட்டினாவின் அடுக்குகளைப் படம் பிடிக்கும் ஓசிடி ஸ்கேனில் தெரிந்துவிடும்.

தேறி வந்த பார்வை மெல்ல மெல்லப் புகை படிந்தால் பயந்துவிட வேண்டாம். விட்ரெக்டமிக்குப் பிறகு, 50 வயது தாண்டியவர்களில் பெரும்பாலானோருக்கு ஓரிரு ஆண்டில் புரை வரும். அதற்கு வைத்தியம் இருக்கிறது. கண்ணாடி வாங்க அவசரம் வேண்டாம். கண்ணைச் சுற்றி வெளியே பெல்ட் போல பக்கிள் என்ற பட்டை வைத்திருந்தால் கிட்டப்பார்வை கூடும், ஆயில் இருந்தாலும் பவர் மாறும். டாக்டர் சரி என்ற பிறகு வாங்கலாம்.

படிப்பதால் ஒட்டிய ரெட்டினா கழன்றுவிடாது. இரண்டு கண்ணின் பிம்பமும் ஒத்துவராமல் தலை சுற்றினால், படிக்கும்போது மட்டும் ஒன்றை மறைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். தூரக்கணக்கு கொஞ்சநாள் தப்பும். தண்ணீர் ஊற்றும்போது சொம்பின் வாயை டம்ளர் விளிம்பில் தொடவைத்து ஊற்றுங்கள்; படியில் கைப்பிடியை விடாதீர்கள். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக நீட்டிக்கவும் நிறுத்தவும் வேண்டாம், சிலருக்கு அது பிரஷரை ஏற்றிவிடும். ஒரு கண்ணில் வந்தவர்களுக்கு மற்றதிலும் வர வாய்ப்பு அதிகம் என்பதால், ஒவ்வொரு செக்கப்பிலும் நல்ல கண்ணுக்கும் பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டு ஓரம்வரை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.