டிஸ்க்கா, பதிவிறக்கமா: கேம் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

ஒரு வீடியோ கேமை டிஸ்க்காக வாங்குபவர் இரண்டு பொருள்களுக்குச் சேர்த்துப் பணம் கொடுக்கிறார்: ஒன்று, அதை விளையாடும் வாய்ப்பு, மற்றொன்று, விளையாடி முடித்தபின் அதை இன்னொருவருக்கு விற்கும் உரிமை. அதே கேமை, விளையாடும் கருவியான கன்சோலின் இணையக் கடையிலிருந்து பதிவிறக்குபவருக்கு முதலாவது மட்டுமே கிடைக்கிறது. அப்படியிருந்தும், கேம் வெளியாகும் நாளில் இரண்டின் விலையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். இந்த விலைச் சமத்துவம்தான் வாங்குபவர் முதலில் சந்தேகிக்க வேண்டியது. டிஜிட்டல் விற்பனை பெருகிய பிறகு கடைகளும் பழைய கேம் சந்தையும் எப்படி மாறியிருக்கின்றன என்பது தெரிந்தால், எந்தக் கேமை எந்த வடிவில், எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்பதை ஓரளவு நிதானமாகத் தீர்மானிக்கலாம்.

நிகரச் செலவைக் கணக்கிடும் முறை

புதிய கேமின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். டிஸ்க்கை வாங்கி, மூன்று வாரத்தில் முடித்து, 55-க்கு விற்றுவிட்டால், அந்தக் கேமுக்காக உங்களுக்கு உண்மையில் ஆன செலவு 45. அதே டிஸ்க்கை அலமாரியில் வைத்திருந்து எட்டு மாதம் கழித்து விற்கப் போனால் 20 கிடைக்கலாம். அப்போது செலவு 80 ஆகிவிடும். பதிவிறக்கத்துக்கு விற்பனை மதிப்பே இல்லாததால், முழு விலையில் வாங்கினால் செலவு 100. பாதி விலைத் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து வாங்கினால் 50. ஆக, ஒப்பிட வேண்டியது கடையில் ஒட்டியிருக்கும் விலையை அன்று. வாங்கும் விலையிலிருந்து திரும்பக் கிடைக்கக்கூடிய தொகையைக் கழித்தபின் எஞ்சும் எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

இந்தக் கணக்கில் பலர் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. விற்கும் உரிமை இருப்பது வேறு, விற்பது வேறு. கடைசியாக நீங்கள் வாங்கிய டிஸ்க்குகளை எண்ணிப் பாருங்கள். அவற்றில் எத்தனை கைமாறின? ஒன்றுமே கைமாறவில்லை என்றால், மறுவிற்பனை மதிப்பைப் பூஜ்யம் என்றே வைத்துக் கணக்கிடுவது நேர்மையானது. அப்படிப்பட்டவருக்குத் தள்ளுபடியில் வாங்கும் பதிவிறக்கமே லாபமாக இருக்கும். மாறாக, கதையை மையமாகக் கொண்ட கேம்களை வரிசையாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவருக்கு டிஸ்க்கை விட்டால் வேறு சிக்கனமான வழி அநேகமாக இல்லை.

மறுவிற்பனை மதிப்பு எல்லாக் கேம்களுக்கும் ஒரே வேகத்தில் சரிவதில்லை. பத்துப் பதினைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும் கேம்கள் வெளியான சில வாரங்களிலேயே கடைகளுக்குத் திரும்பி வரத் தொடங்குவதால், அவற்றின் பழைய பிரதிகளின் விலை விரைவில் இறங்கும். ஆண்டுதோறும் வரும் விளையாட்டுத் தொடர்கள், அதாவது கால்பந்து, கூடைப்பந்து போன்றவை, அடுத்த ஆண்டின் பதிப்பு வந்ததும் ஏறத்தாழ மதிப்பற்றுப் போகும். நின்டெண்டோ தானே வெளியிடும் கேம்கள் இதற்கு நேர்மாறு: அந்நிறுவனம் புதிய பிரதியின் விலையை எளிதில் குறைக்காததால், பழைய பிரதியும் ஆண்டுக்கணக்கில் தன் விலையைக் காத்துக்கொள்கிறது. குறைந்த எண்ணிக்கையில் மட்டும் அச்சிடப்பட்ட டிஸ்க்குகள் சில வேளை வாங்கிய விலையையும் தாண்டும். ஆனால் அதை எதிர்பார்த்து வாங்குவது சூதாட்டம்தான்.

கடைக்காரரின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள்

பழைய கேமை விற்கக் கடைக்குப் போகும்போது கிடைக்கும் தொகை ஏன் அவ்வளவு குறைவு என்பது பலரின் மனக்குறை. கடைக்காரரின் பக்கத்திலிருந்து பார்த்தால் காரணம் விளங்கும். புதிய கேமில் கடைக்குக் கிடைக்கும் லாப விகிதம் சிறியது. விலையின் பெரும்பகுதி வெளியீட்டாளருக்கும் கன்சோல் நிறுவனத்துக்கும் போய்விடுகிறது. பழைய கேமில் அவர்கள் யாருக்கும் பங்கில்லை. அமெரிக்காவில் கேம் கடைகளை நடத்தும் கேம்ஸ்டாப் நிறுவனம் 2010-களின் முற்பகுதியில் பழைய கேம்களில் 40 சதவீதத்துக்கும் அதிகமான மொத்த லாப விகிதத்தைப் பெற்றுவந்தது. புதிய கேம்களில் கிடைத்தது ஏறத்தாழ அதில் பாதி. பழைய சரக்கின் லாபம்தான் கடை வாடகையையும் ஊழியர் சம்பளத்தையும் தாங்கிக்கொண்டிருந்தது என்று சொல்வதில் மிகையில்லை.

வெளியீட்டாளர்களுக்கு இது உறுத்தலாகவே இருந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2010-இல் ‘ஆன்லைன் பாஸ்’ முறையைக் கொண்டுவந்தது: புதிய பெட்டிக்குள் ஒருமுறை மட்டும் பயன்படும் குறியீடு இருக்கும், பழைய டிஸ்க்கை வாங்குபவர் இணையவழிப் பகுதியை விளையாடத் தனியே பணம் கட்ட வேண்டும். 2013-இல் அம்முறை கைவிடப்பட்டது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலுக்கு 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையச் சரிபார்ப்பு, பழைய கேம் விற்பனைக்குக் கட்டுப்பாடு என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் ஜூன் 19 அன்று பின்வாங்கியது. நேரடியாகத் தடுக்க முயன்றபோது தோற்ற அந்த நோக்கம், பின்னர் வாங்குபவர்கள் தாங்களாகவே பதிவிறக்கத்துக்கு மாறியதால் சத்தமில்லாமல் நிறைவேறிவிட்டது என்பதுதான் இதில் வேடிக்கை. சோனியின் பிளேஸ்டேஷன் கன்சோல்களில் விற்பனையாகும் முழு கேம்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ 2020-க்குப் பிறகு பதிவிறக்கங்களே.

இதன் விளைவு பழைய சந்தையில் இரண்டு திசைகளில் தெரிகிறது. டிஸ்க்குகள் குறைவாக விற்கப்படுவதால் பழைய பிரதிகளின் வரத்தும் குறைகிறது; அதே சமயம் டிஸ்க்கைப் படிக்கும் பகுதியான டிஸ்க் டிரைவ் இல்லாத கன்சோல்கள் பெருகுவதால் வாங்குபவர்களும் குறைகிறார்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கன்சோலில் டிஸ்க் டிரைவ் இல்லை, பின்னர் இணைக்கவும் முடியாது. 2024-இல் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவிலும் டிரைவ் கிடையாது, ஆனால் தனியே வாங்கிப் பொருத்தலாம். கன்சோல் வாங்கும்போது டிரைவ் இல்லாத மாதிரியின் விலைக் குறைவு மட்டும் கண்ணில் படும். அந்தக் கன்சோலின் ஆயுள் முழுவதும் பழைய கேம்களும் வேறு கடைகளின் தள்ளுபடிகளும் உங்களுக்கு எட்டாமல் போவது கண்ணில் படாது. ஆண்டுக்கு நான்கைந்து டிஸ்க் வாங்கி விற்பவராக இருந்தால், டிரைவுக்குக் கொடுக்கும் கூடுதல் தொகை விரைவிலேயே திரும்பிவிடும்.

போட்டி மறைவதும் கவனிக்கத்தக்கது. ஒரே டிஸ்க்கைப் பத்துக் கடைகள் விற்கும்போது, சரக்கு தேங்கிய கடை விலையைக் குறைக்கும். கன்சோல் பதிவிறக்கத்துக்கோ பெரும்பாலும் ஒரே விற்பனையாளர்தான். 2019 ஏப்ரலில் சோனி, முழு கேம்களுக்கான பதிவிறக்கக் குறியீடுகளைப் பிற கடைகள் விற்பதை நிறுத்தியது. கணினி விளையாட்டாளர்களுக்கு நிலைமை இதைவிட மேல். அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட இணையக் கடைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மறுவிற்பனையே இல்லாத கணினிச் சந்தையில் தள்ளுபடிகள் அடிக்கடியும் ஆழமாகவும் வருவதற்கு அந்தப் போட்டியும் ஒரு காரணம். ஜப்பானியச் சந்தையின் தரவுகளைக் கொண்டு பொருளியலாளர்கள் செய்த ஆய்வொன்றும் இதையொட்டியே முடிகிறது: பழைய கேம் சந்தையை ஒழித்துவிட்டுப் புதிய கேமின் விலையை அப்படியே வைத்திருந்தால் வெளியீட்டாளரின் லாபம் குறையும், விலையைத் தக்கபடி மாற்றினால்தான் கூடும். திரும்ப விற்க முடியாத பொருளுக்கு மக்கள் முன்பிருந்த அதே விலையைக் கொடுக்கத் தயங்குவார்கள் அல்லவா?

சட்டத்தின்படி உங்கள் கையில் இருப்பது என்ன

டிஸ்க்கை மறுவிற்பனை செய்யும் உரிமை பல நாடுகளில் உறுதியானது. ஒரு பிரதி முறைப்படி ஒருமுறை விற்கப்பட்டுவிட்டால், அந்தப் பிரதியின் மேல் பதிப்புரிமையாளருக்கு இருந்த விநியோக உரிமை முடிந்துவிடுகிறது என்பதே அடிப்படை. ஜப்பானில் கேம் நிறுவனங்கள் பழைய கேம் விற்பனையைத் தடுக்கத் தொடர்ந்த வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2002-இல் விற்பனையாளர்களுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது.

பதிவிறக்கத்தின் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012-இல், பதிவிறக்கிய கணினி மென்பொருளின் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று சொன்னது நம்பிக்கையைக் கொடுத்தது. அதைப் பிடித்துக்கொண்டு பிரான்சின் நுகர்வோர் அமைப்பு ஒன்று கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டு, 2019-இல் பாரிஸ் நீதிமன்றத்தில் வென்றது. ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் அத்தீர்ப்பை மாற்றியது. 2024 அக்டோபரில் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு மன்றமும் அந்த மாற்றத்தை உறுதிசெய்தது. வீடியோ கேம் என்பது வெறும் மென்பொருள் அன்று. இசை, ஓவியம், கதை எல்லாம் கலந்த படைப்பு என்பதால், மென்பொருளுக்கான விதி அதற்குப் பொருந்தாது என்பது வாதத்தின் சாரம். எனவே பதிவிறக்கிய கேமைப் பின்னால் விற்க வழி பிறக்கும் என்ற நம்பிக்கையில் இன்று பணம் செலவழிக்க வேண்டாம். கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, கொடுப்பது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவரிடம் தெளிவாகத் தெரிவிக்காமல் ‘வாங்குக’ போன்ற சொல்லை டிஜிட்டல் கடைகள் பயன்படுத்தக் கூடாது என்கிறது.

பெட்டியை நம்பாதீர்கள், அட்டையைப் படியுங்கள்

பெட்டிக்குள் டிஸ்க் இருப்பதாலேயே அதில் கேம் இருக்கிறது என்று இப்போது எண்ணிவிட முடியாது. அட்டையின் அடிப்பகுதியில் சிறிய எழுத்தில் உள்ள அறிவிப்பைத் தேடுங்கள். சில பெட்டிகளில் டிஸ்க்குக்குப் பதில் பதிவிறக்கக் குறியீடு அச்சிட்ட தாள் மட்டுமே இருக்கும். அக்குறியீட்டை ஒருமுறை பயன்படுத்திவிட்டால் பெட்டிக்கு மறுவிற்பனை மதிப்பு எதுவும் இல்லை. இதைப் பழைய கேமின் விலையில் விற்கிறேன் என்று யாராவது வந்தால் திரும்பிப் பார்க்காமல் போய்விடலாம். சில டிஸ்க்குகளில் கேமின் ஒரு பகுதிதான் இருக்கும், மீதியைப் பதிவிறக்க வேண்டும். 2025 ஜூனில் வெளியான நின்டெண்டோ ஸ்விட்ச் 2-இல் ‘கேம்-கீ கார்டு’ என்ற இடைப்பட்ட வகை உண்டு: கார்டில் கேம் இல்லை, பதிவிறக்கத் திறவுகோல் மட்டுமே இருக்கிறது, ஆனால் கார்டு யார் கையில் இருக்கிறதோ அவர் விளையாடலாம் என்பதால் அதை விற்க முடியும். இன்றைக்கு அது டிஸ்க்குக்குச் சமம்தான். பதிவிறக்கச் சர்வர் நிறுத்தப்படும் நாளில் வெறும் பிளாஸ்டிக்.

அந்த நாள் வராது என்று சொல்வதற்கில்லை. நின்டெண்டோவின் பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ ஆகியவற்றின் இணையக் கடைகளில் 2023 மார்ச் 27-க்குப் பிறகு எதையும் வாங்க முடியாது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29 அன்று மூடப்பட்டது. இவற்றில் ஏற்கெனவே வாங்கியவற்றை மீண்டும் பதிவிறக்கும் வசதி விடப்பட்டது என்றாலும், புதிதாக வருபவருக்குப் பழைய டிஸ்க்கும் கார்ட்ரிட்ஜுமே வழி. டிஸ்க் இருந்தும் தப்பாத கேம்களும் உண்டு: யூபிசாஃப்டின் ‘தி க்ரூ’ எப்போதும் இணைய இணைப்பைக் கேட்கும் கேம் என்பதால், 2024 மார்ச் இறுதியில் சர்வர் நிறுத்தப்பட்டதும் டிஸ்க்கும் பயனற்றுப் போனது. இணையம் இல்லாமல் இயங்காத கேமுக்கு டிஸ்க் வாங்குவதில் பாதுகாப்பு எதுவும் இல்லை. மறுவிற்பனைக்காக மட்டும் வாங்கலாம்.

பழைய டிஸ்க்கைப் பரிசோதிப்பது

டிஸ்க்கின் பளபளப்பான பக்கத்தை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக ஓடும் மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. வட்டத்தின் போக்கிலேயே வளைந்து செல்லும் கீறல்தான் தரவைத் தொடர்ச்சியாக மறைப்பதால் ஆபத்தானது. ப்ளூ-ரே வகை டிஸ்க்கில் தரவுப் படலம் மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதன்மேல் உள்ள கடினப் பூச்சு சாதாரணக் கீறலைத் தாங்கும், நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளத்தைத் தாங்காது. டிவிடிக்குச் செய்வதுபோல இதைத் தேய்த்து மெருகேற்றிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நடுத் துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படிப்பட்ட டிஸ்க்கை டிரைவில் போடுவதே தவறு. பெட்டிக்குள் உள்ள கூடுதல் உள்ளடக்கக் குறியீடுகள் முன்பே பயன்படுத்தப்பட்டிருக்கும் என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

பதிவிறக்கமாக வாங்கும்போது

முதல் விதி, முழு விலையில் வாங்காமல் இருப்பது. நண்பர்களோடு வெளியான நாளிலேயே விளையாட வேண்டும் என்பது போன்ற காரணம் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. பணத்தைத் திரும்பப் பெறும் விதிகளை முன்கூட்டியே படியுங்கள்: ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும், பிளேஸ்டேஷன் கடையிலோ பொதுவாகப் பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டாலே அந்த வாய்ப்புப் போய்விடும். கணினியில் விளையாடுபவர்கள் ஜிஓஜி தளத்தில் நகல் தடுப்பு இல்லாத நிறுவுகோப்பைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். விற்க முடியாவிட்டாலும் அது உங்களிடமிருந்து பறிபோகாது. மிகக் குறைந்த விலையில் குறியீடுகளை விற்கும் இடைத்தரகுத் தளங்களில் திருடப்பட்ட கடன் அட்டைகளால் வாங்கப்பட்டவையும் கலந்திருக்கக்கூடும். அது தெரியவரும்போது ரத்தாவது உங்கள் கணக்கில் உள்ள கேம்தான்.

கணக்கோடு சேர்த்துக் கேம்களை விற்பதும் தீர்வாகாது. பெரும்பாலான தளங்களின் ஒப்பந்தம் கணக்கை மாற்றிக் கொடுப்பதைத் தடைசெய்கிறது. விற்றவர் பழைய ரசீதைக் காட்டிக் கணக்கை மீட்டுக்கொண்டால் வாங்கியவர் கையறுநிலையில் நிற்பார். ஆகவே கன்சோலை விற்கும் நாள் வந்தால், உள்ளே நிறுவப்பட்டிருக்கும் கேம்களைக் காட்டிக் கூடுதல் விலை கேட்காதீர்கள், வாங்குபவராக இருந்தால் கொடுக்காதீர்கள். கேம்களில் நீங்கள் எட்டிய நிலையைக் காக்கும் சேமிப்புகளை நகலெடுத்து, அந்தக் கன்சோலில் உங்கள் கணக்கைச் செயலிழக்கச் செய்து, தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிட்டுக் கன்சோலை மட்டும் ஒப்படையுங்கள். டிஸ்க்குகளை அதோடு சேர்த்துக் கொடுக்காமல் தனித்தனியாக விற்றால் பெரும்பாலும் கூடுதலாகக் கிடைக்கும்.