நடுவயதில் மீண்டும் விஞ்ஞானம் பயில்வது

கொழும்பில் வேலையும் குடும்பமுமாக இருப்பவர், உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியைக் கொண்டு மாணவரைத் தெரிவுசெய்யும் ஏனைய அரச பல்கலைக்கழகங்களைவிட, நாவலையில் அமைந்துள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தையே முதலில் நாடுவது நல்லது. உயர்தரத்தில் விஞ்ஞானம் பயிலாதவர் அங்குள்ள அடிப்படைநிலைச் சான்றிதழ்க் கற்கைநெறி வழியாகப் பட்டப்படிப்புக்குள் நுழையலாம்.

விண்ணப்பிப்பதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே கணிதத்தைத் தொடங்குங்கள். பௌதிகவியலில் தடுமாறுவோர் பெரும்பாலும் உண்மையில் மடக்கையிலும் திரிகோணகணிதத்திலும் வகையீட்டிலுமே தடுமாறுகிறார்கள் என்பது என் கருத்து. ஆகவே பழைய பாடநூலை வாசிப்பதோடு நில்லாமல், நாள்தோறும் ஐந்து கணக்குகளையேனும் தாளில் செய்து பாருங்கள். இரசாயனவியலில் மூல் (துணிக்கைகளின் எண்ணிக்கையைக் கொண்டு பொருளை அளக்கும் அலகு) கணிப்புகளை முதலில் சீர்செய்யுங்கள். பட்டக் கற்கை ஆங்கிலத்தில் நடைபெறுவதால், தமிழில் கற்ற ‘அமுக்கம்’, ‘உந்தம்’ போன்ற கலைச்சொற்களுக்கு நிகரான ஆங்கிலச் சொற்களை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.

தொலைக்கல்வி என்றாலும் செய்முறைக்கு ஆய்வுகூடத்திற்கு நேரில் செல்லவேண்டும். அந்த நாட்களின் அட்டவணை கைக்குக் கிடைத்தவுடனேயே விடுமுறை கேட்டுவிடுங்கள்; மேலதிகாரிகள் கடைசி நேரக் கோரிக்கையை விரும்புவதில்லை. வீட்டில் இடமில்லாதவருக்கு விகாரமகாதேவி பூங்காவுக்கு அருகிலுள்ள பொது நூலகம் கைகொடுக்கும்.