காணாமல் போன ஆறு இலக்கங்கள்

மன்னார்குடியில் நடவு இயந்திரம் செய்யும் நண்பருக்காகக் காப்புரிமை விண்ணப்பங்களைத் தொகுத்தேன். நூற்றுக்கு மேற்பட்ட வரிகள், பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலில் கொடுத்ததும் ஏழாகச் சுருங்கின. தேடுசொல்லை மாற்றினேன், எல்லாவற்றையும் திரும்ப நிறுவினேன். மூன்று நாள் வீண்.

அப்புறம்தான் எண்களைக் கவனித்தேன். 201641000000 என்பதுபோல எல்லாமே ஆறு சுழியில் முடிந்தன! 2016 முதல் இந்திய விண்ணப்ப எண்ணுக்கு 12 இலக்கம்: முதல் நான்கு ஆண்டு, ஐந்தாவது அலுவலகம் (4 என்றால் சென்னை), ஆறாவது விண்ணப்ப வகை, மிச்சம் வரிசை எண். பட்டியல் இருந்த சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) ஸ்ப்ரெட்ஷீட்டில் திறந்து சேமித்திருந்தேன். அது நீள எண்ணை 2.01641E+11 என்று சுருக்கி, கடைசி ஆறு இலக்க வரிசை எண்ணை விழுங்கிவிட்டது. இப்படி ஒரே எண்ணாகிப்போன, ஒரே ஆண்டுச் சென்னை விண்ணப்பங்களை நிரல் இரட்டைப் பதிவென்று கழித்திருக்கிறது.

போன இலக்கம் திரும்பாது. பட்டியலைப் புதிதாக இறக்கி, ஸ்ப்ரெட்ஷீட் பக்கமே போகாமல், விண்ணப்ப எண் இருந்த நெடுவரிசையை எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் படிக்க வைத்தேன். அத்தனை வரியும் வந்தது. அப்பாடா!