சமயங்களின் ஒற்றுமையை ஒப்பிட்டுப் படிக்கும் முறை

எல்லாச் சமயங்களும் ஒன்றையே சொல்கின்றன என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டுப் படிக்கத் தொடங்குபவருக்கு, அந்த முடிவைத் தவிர வேறொன்றும் கிடைப்பதில்லை. ஆகவே கடவுள், ஆன்மா, முத்தி போன்ற பெருங்கருத்துகளை முதலில் எடுக்காதீர்கள். அழியாத ஆன்மா உண்டு என்கிறது வேதாந்தம். 'நான்' என நிலைத்த ஒன்று இல்லை என்கிறது பௌத்தம். இவ்விரண்டையும் ஒரே கருத்தாக்க முயன்றால் இரண்டுமே சிதைந்துபோகும். நோன்பு, ஈகை, நாமம் சொல்லுதல் என மக்கள் கைக்கொள்ளும் ஏதேனும் ஒரு பழக்கத்தைத் தேர்ந்து, இரண்டு மூன்று மரபுகளில் மட்டும் அதைப் பின்தொடருங்கள்.

மணிமாலையை எடுத்துக்கொள்வோம். இந்துக்களின் ஜபமாலையில் வழக்கமாக 108 மணிகள் இருக்கும். உருட்டிக்கொண்டே வந்து மாலையின் தலைமணியான மேரு மணியைத் தொட்டதும், அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பி வந்த வழியே தொடர்வார்கள். தொழுகைக்குப் பின் முஸ்லிம்கள் சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 முறை என ஓதுவது உண்டு. விரல்களிலேயே எண்ணுபவர்களும் இருக்கிறார்கள், 33 அல்லது 99 மணிகள் கொண்ட தஸ்பீஹ் மாலையை வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். கத்தோலிக்கரின் ஜெபமாலை பத்துப் பத்து மணிகளாக ஐந்து தொகுதிகள் கொண்டது. எண்ணிக்கை வேறுபட்டாலும், எண்ணும் வேலையை விரலிடம் விட்டுவிட்டு மனத்தை ஓரிடத்தில் நிறுத்தும் உத்தி ஒன்றுதான். அந்த 'ஓரிடம்' எது என்பதையும் கேட்டுப் பாருங்கள்: ஜபத்தில் மனம் மந்திரத்திலேயே நிற்க வேண்டும், ஜெபமாலையிலோ வாய் 'அருள் நிறைந்த மரியே' என்று சொல்லிக்கொண்டிருக்க, உள்ளம் இயேசு, மரியாளின் வாழ்க்கை நிகழ்வு ஒன்றைத் தியானிக்கும். ஒற்றுமையை எழுதும் அதே பக்கத்தில் இந்த வேற்றுமையையும் எழுதிவைப்பது அவசியம்.

எண்களை ஒப்பிடும்போது அவை எதன்மீது கணக்கிடப்படுகின்றன என்று பாருங்கள். சீக்கியர் ஈகையாகக் கொடுக்கும் தஸ்வந்த் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. முஸ்லிம்களின் கடமையான ஈகை ஜகாத் என்பதோ குறிப்பிட்ட அளவைத் தாண்டி ஓராண்டு கையிலிருக்கும் பணம், தங்கம் போன்ற செல்வத்தில் 2.5 விழுக்காடு. எது அதிகம் என்று கேட்பதே பொருந்தாது.

அறநெறிக்கு வரும்போது வாக்கியத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். தனக்குத் துன்பம் என உணர்ந்தவற்றைப் பிறர்க்குச் செய்யலாகாது என்னும் 316ஆம் குறளும், நீ விரும்பாததைப் பிறருக்குச் செய்யாதே என்ற கன்பூசியஸின் சொல்லும் விலக்குகின்றன. மத்தேயு நற்செய்தி 7:12 'செய்யுங்கள்' என்று ஏவுகிறது. விலக்குவதற்குக் கையைக் கட்டிக்கொண்டால் போதும், ஏவலுக்கோ எழுந்து போக வேண்டும். ஒற்றைக்காலில் நிற்கும் நேரத்துக்குள் யூதரின் மறைநூலான தோரா முழுவதையும் கற்பிக்கக் கேட்டவரிடம் யூத அறிஞர் ஹில்லெலும் விலக்கும் வடிவிலேயே விடை சொன்னதாக யூத மரபுரைத் தொகுப்பான தால்மூத் கூறுகிறது. ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. மற்றவை இதன் விளக்கம், போய்க் கற்றுக்கொள் என்றார். பொன்மொழித் தொகுப்புகள் பெரும்பாலும் இந்தக் கடைசிச் சொல்லை விட்டுவிடுகின்றன என்பதால், மேற்கோளைப் பார்த்ததும் அதன் முன்னும் பின்னும் உள்ள வரிகளைத் தேடிப் படியுங்கள்.

எழுதி முடித்த குறிப்பை அந்தந்த மரபைக் கடைப்பிடிக்கும் ஒருவரிடம் காட்டுங்கள். 'இது நாங்கள் சொல்வது அல்ல' என்று அவர் சொன்னால், வாதாடாமல் அந்தப் பகுதியைத் திருத்தி எழுதுங்கள்.